தட்டைத் தீவில் நான் கட்டிய ஏற்றம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எங்கள் ஊர் சரவணையில் கல்வீடு கட்டினேன். உப்புத் தண்ணீர் ஊறும் காணியில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். எவனும் திருத்த ஏலாது என்று கைவிட்ட பழைய காரை ஓட வைத்தேன். கடைசியாக, மேடு பள்ளமே இல்லாத இந்தத் தீவில் ஒரு மலையும் கட்டினேன். அந்த மலையைப் பற்றித்தான் இந்த எழுத்து.

எனக்கு அப்போது முப்பத்திமூன்று வயது. பஸ் சாரதி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கையில் லைசென்ஸ் வேண்டும், முப்பத்தைந்து தாண்டக் கூடாது. லைசென்ஸ் சோதனைக்கு எழுதிப் போட்டேன். ஒன்பது மாதம் கழித்துத்தான் யாழ்ப்பாணத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

என் காரின் ஹாண்ட்பிறேக் உப்புக் காற்றில் இறுகி எத்தனையோ காலம். அதை நாங்கள் யாரும் தேடியதில்லை. தரை தட்டை. காரை நிறுத்தினால் சில்லுக்குக் கீழே ஒரு கல் வைப்போம், அவ்வளவுதான். தீவு முழுக்க அதுதான் வழக்கம்.

சோதனை அதிகாரி கோட்டைப் பக்கம் வீதி கொஞ்சம் உயரும் இடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். கால் பிறேக்கை மிதித்து நிறுத்தினேன். பிறகு எஞ்சினை நிறுத்திக் கியரில் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கதவைத் திறந்து இறங்கினேன்.

"எங்கை இறங்கிறீர்?"

"கல்லு வைக்க, ஐயா."

"என்ன கல்லு?"

"பின்னாலை உருளாமல் இருக்க."

"அப்ப ஹாண்ட்பிறேக் என்ன சாமான் தூக்கவோ? போய்ப் பழகிக்கொண்டு வாரும்."

அவர் போட்ட ஒரு கீறு என்னை வரிசையின் வாலுக்குத் தள்ளியது. லைசென்ஸ் கந்தோருக்கு நடையாய் நடந்தேன். கிளாக்கர் தலை நிமிராமல், "கடிதம் வரும், போம்" என்பார். ஊரிலே சந்திக்குச் சந்தி, "அண்ணை, இந்த முறை கல்லு யாழ்ப்பாணத்திலையே வாங்கிறதோ, இஞ்சையிருந்து கொண்டு போறதோ?" என்று கேட்டார்கள்.

கடற்கரை ஓரம் இருந்த என் தரிசுக் காணியில் முருகைக்கல் குவித்தேன். வண்டி வண்டியாகக் கிரவல் மண் கொட்டினேன். ஒரு பக்கம் ஏற, மறுபக்கம் இறங்க, நெஞ்சளவு உயரத்தில் மேடு எழுந்தது. தோள் உரிந்தது. ஹாண்ட்பிறேக்கையும் கழற்றித் திருத்தினேன். அந்த மேட்டில் நின்று நின்று ஏறிப் பழகினேன்.

இரண்டாம் கடிதம் பதினாலு மாதம் கழித்து வந்தது. இந்த முறை பாஸ். லைசென்ஸைக் கொண்டு பஸ் கந்தோருக்குப் போனேன். பிறந்த திகதியைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். முப்பத்தைந்து முடிந்து இரண்டு மாதம். நான் சோம்பி இருந்து அந்த வயதைத் தாண்டவில்லை. கடிதம் பார்த்திருந்து தாண்டினேன்.

பிறகு ஊர்ப் பெடியள் அந்த மேட்டில்தான் பழகினார்கள். நானே பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தேன். கல் வைக்க இறங்கியவன் ஒருவனும் இல்லை. அவர்களில் ஒருவன் இன்று எங்கள் வீதியால் பஸ் ஓட்டுகிறான். நான் இருக்க வேண்டிய ஆசனம் அது.

போன மாதம் ஊர்ச் சங்கம் ஒரு சிறப்பு மலர் அடித்தது. அதிலே என் மேட்டின் படம். மேலே தலைவர் மாலையோடு நிற்கிறார். கீழே, "சங்கம் அமைத்த பயிற்சி மேடு." தலைவர் ஓய்வு பெற்ற வாத்தியார். காரில் பின் ஆசனத்தைத் தவிர வேறிடம் அறியாதவர். போய்க் கேட்டேன்.

"ஊருக்குப் பயன்பட்டால் அது சங்கத்தின்ரைதானே. உமக்கேன் இந்த வயதிலை பேர் ஆசை?"

"கல்லுச் சுமக்கேக்கை சங்கம் எங்கை நிண்டது, வாத்தியார்?"

"அப்ப சங்கம் தொடங்கேல்லை."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்தார்.

எனக்கு மாலை வேண்டாம். மலரைத் திரும்ப அடிக்கும்போது அந்த வரியை வெட்ட வேண்டும். மேட்டடியில் ஒரு பலகை நட வேண்டும். இதைக் கட்டியவன் இன்னார், தன் காணியில், தன் தோளால், சோதனைக் கடிதத்துக்குக் காத்திருந்த காலத்தில் கட்டினான் என்று அதிலே என் முழுப் பெயரோடு எழுத வேண்டும். அதுவரை அந்தக் காணிப் படலையைப் பூட்டித்தான் வைத்திருப்பேன்.