கிளென்டோரன் இளவட்டக்கல்

கிளென்டோரன் சர்ச் வாசலில் ஒரு பாறை கிடக்கிறது. ஒரு காளைக் கன்று கால்மடக்கிப் படுத்த அளவு இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கின் வாலிபர்கள் ஆண்பிள்ளை என்று பெயர் வாங்கத் தூக்கிய இளவட்டக்கல் இதுதான் என்று பக்கத்தில் பலகை நட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, அப்படியே எதிரில் இருக்கும் டொர்கிலின் ஹோட்டலுக்குள் சூப் குடிக்கப் போவார்கள். அந்தக் கல்லைத் தூக்கிய ஒருவனையாவது கண்ணால் பார்த்தவர் இன்று உயிரோடு இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் அப்படி, இந்தக் காலத்துப் பயல்கள் இப்படி என்று சொல்லிக்கொள்வதோடு சரி.

மர்சலியின் அப்பா ஹெக்டர் அப்படிச் சொல்லிக்கொண்டு விட்டவரில்லை. அவருடைய தாத்தா டோனல், கல்லைத் தூக்கி, பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு இருந்த மேடைக்கல் மேல் வைத்தவர் என்று ஊருக்கே தெரியும். பேரன் நானும் தூக்கிக் காட்டுவேன் என்று கல்யாணத்துக்கு முந்தின கோடையில், விளையாட்டு விழா நாளில், மொத்தப் பள்ளத்தாக்கும் பார்த்துக்கொண்டு நிற்கக் ஆண்கள் கட்டும் கில்ட் பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். கல் அசையவில்லை. முதுகுதான் அசைந்தது. அன்றைக்கு விழுந்தவர் எழுந்து நடக்க அடுத்த வசந்தம் ஆயிற்று. அப்போதும் நிமிரவில்லை. கொக்கி ஹெக்டர் என்று பெயர் வைத்தார்கள். எழுபது தாண்டியும் அந்தப் பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முன்வாசல் வழியாகச் சர்ச்சுக்குள் போனால், ஹெக்டர் மட்டும் கல்லறைகளைச் சுற்றிப் பின்கதவு வழியாகப் போவார். கல்லைப் பார்க்கக் கூடாதாம்.

மர்சலி அதைப் பார்த்தே வளர்ந்தவள். வாட்டசாட்டமான பொம்பளை, நாற்பதைத் தாண்டியவள். கோடை முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போய்ச் செம்மறிகளுக்கு ரோமம் வெட்டுவது தொழில். அப்பாவிடம் அவள் கல் பேச்சை எடுத்ததே இல்லை. ஒரே ஒரு முறை, குடித்திருந்த கிறிஸ்துமஸில், அவராகவே சொன்னார்: "எங்க தாத்தா வாங்கின பேர நான் குப்பையில போட்டேன் புள்ள." அது அவளுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

முள் அசைந்தது ஒரு சாவு வீட்டில். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவர் ஒருவர், என்னை ஏரிக்கரை ரோட்டில் காரில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள், பழைய சவப்பாதையில் தோளில் தூக்கிப் போங்கள் என்று சொல்லிவிட்டுச் செத்தார். ரோடு வருவதற்கு முன்னால் பிணமெல்லாம் மலை மேல் அந்தப் பாதை வழியாகத்தான் சர்ச்சுக்கு வரும். சொன்னால் செய்ய வேண்டும் அல்லவா. ஆளுக்கொரு தோளாக மாற்றி மாற்றித் தூக்கினார்கள். மர்சலியும் ஒரு தோள் கொடுத்தாள். கணவாய் உச்சியில், பழங்காலத்தில் பெட்டியை இறக்கி வைக்கும் இடத்தில், சரிந்து புல் மூடிய கற்குவியல் ஒன்று. அங்கே இறக்கினார்கள். வழக்கப்படி விஸ்கி புட்டி கை மாறியது. இரண்டாவது சுற்றில் இளசுகள் ஒருவனையொருவன் தோளால் இடித்து, நீ மூச்சு வாங்குகிறாய், நான் வாங்கவில்லை என்று வம்பு வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டிக்குள் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை.

மர்சலி புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். விஸ்கி, வாலிபப் பயல்கள், இளைப்பாறும் இடம். பலம் பார்க்கும் கல் என்று ஒன்று இருந்திருந்தால் அது இங்கேதானே இருந்திருக்கும்? ஓய்வுநாளில் பிடில் வாசித்தவனையே சபையை விட்டு விலக்கிய பாதிரியார்கள், சர்ச் வாசலில் குடித்துவிட்டுக் கல் தூக்க விட்டிருப்பார்களா? அப்புறம் அந்த மேடைக்கல். சர்ச் வாசலில் அப்படி ஒன்று கிடையவே கிடையாதே.

அந்தக் கோடையில், மேட்டில் இடிந்து கிடக்கும் பழைய வீடுகளைத் தோண்டிப் பார்க்க இன்வர்னெஸ் நகரத்திலிருந்து ஒரு தொல்லியல் குழு வந்து கூடாரம் போட்டிருந்தது. தலைவன் ரூரி, சிவப்புத் தாடிக்காரன், நல்ல பையன். மர்சலி போய்த் தன் சந்தேகத்தைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. பதிலுக்குச் சர்ச் கல்லைப் பற்றி வேறொன்று சொன்னான்: அது பனியாறு உருட்டிவந்து போட்ட பாறை, பாதி மண்ணுக்குள் இருக்கிறது, மனிதக் கை அதை என்றைக்குமே எழுப்பியிருக்காது.

அப்படியானால் யார் கிளப்பிவிட்ட கதை அது? யாரும் வேண்டுமென்று கிளப்பவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. தாத்தனைப் பற்றிப் பேசும்போது ஒரு சுற்றுப் பெருக்கித்தான் பேசுவார்கள். ரோடு வந்தது, சவப்பாதை மறந்தது, உண்மையான கல் கண்ணுக்கு மறைந்தது. வெளியூர்க்காரன் வந்து எங்கே அந்தக் கல் என்று கேட்டபோது, எவனோ பெருமையில் கண்ணில் பட்டதிலேயே பெரியதைக் காட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கட்டிப்பிடித்து, முடியாமல் போய், நாம் சோப்ளாங்கி என்று நம்பிக்கொண்டது.

ரூரி நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி வந்தான். கணவாயில் புல்தோலை உரித்தார்கள். மர்சலியும் மண்வெட்டி பிடித்தாள். முதலில் புகையிலை பிடிக்கும் களிமண் புகைக்குழாய்த் துண்டுகள் வந்தன, அப்புறம் பச்சைப் புட்டிச் சில்லுகள், ஒரு கொம்புப் பொத்தான். குடித்துக் கூத்தடித்த இடம்தான் என்பதில் சந்தேகமில்லை. மூன்றாம் நாள் மழைத் தூறலில், இடுப்பு உயரத்தில் தட்டையான பாறை ஒன்று வெளிப்பட்டது. அதன் காலடியில், கரிமண்ணுக்குள் முகம் புதைத்து, பெரிய முட்டை வடிவில் சாம்பல் நிறக் கல்.

ரூரி மண்டியிட்டு ஈரத்துணியால் துடைத்தான். மலைக்கல் எல்லாம் அடுக்கடுக்காக உரியும். இது ஆற்றில் உருண்ட கல். இரண்டு விலாவிலும், கை அணைக்கும் இடத்தில் மட்டும், வழுவழுவென்று மினுங்கியது.

"ஆத்துல கிடந்தத யாரோ இம்புட்டு தூரம் மேல கொண்டாந்திருக்காங்க மர்சலி," என்றான். "ஆடு கொண்டு வந்திருக்காது."

அவள் அந்த மினுங்கலில் உள்ளங்கையை வைத்தாள். கொள்ளுத்தாத்தா கை வைத்த இடம். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

சேதி ஹோட்டலுக்கு அவளுக்கு முன்னால் போய்விட்டது. டொர்கில் விழாக் கமிட்டிக்கும் தலைவர். ஹெக்டரோடு ஒன்றாய்ப் படித்தவர். கொக்கி என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். மர்சலி உள்ளே நுழைந்ததும், பாரில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"வாம்மா. அப்பனுக்குத் தூக்க முடியலன்னு மக சின்னக் கல்லாப் பாத்துத் தேடிக் கண்டுபிடிச்சிருக்காளாமே. இன்னும் கொஞ்சம் தேடினா கூழாங்கல்லே கிடைக்குமே."

சிரித்தார்கள். மர்சலிக்குக் காது சூடானது. இதற்குத்தான் அவள் பயந்தாள். கல் சின்னது என்று ஊர் முடிவு கட்டிவிட்டால் அப்பாவுக்கு இருக்கிற அவமானம் இரட்டிப்பாகும். தோண்டி எடுத்ததைத் திரும்பப் புதைப்பதே மேல்.

"கூழாங்கல்லுதாங்க," என்றாள். "விழா அன்னைக்கு மேல வந்து எடுத்துட்டுப் போயி உங்க கல்லாப்பெட்டி மேல வையுங்க, பேப்பர் பறக்காம இருக்கும்."

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் போனது. டொர்கிலுக்கு வேறு வழியில்லை. வருகிறேன் என்றார். என் தங்கை மகன் லாக்லனைக் கூட்டி வருகிறேன், ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவான் என்றும் சொன்னார்.

வீட்டில் ஹெக்டரிடம் சொன்னபோது அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வரவில்லை என்றார். ஒரு கல் போதும், இன்னொரு கல் எனக்கு வேண்டாம் என்றார். மர்சலி வற்புறுத்தவில்லை. ரோமம் வெட்டி முடித்த சாயங்காலங்களில் மட்டும் தனியாகக் கணவாய்க்குப் போனாள். முதல் நாள் இழுத்துப் பார்த்தாள். கல் நக்கலாக உட்கார்ந்திருந்தது. விரல் மாட்ட ஒரு பள்ளம் இல்லை, மழையில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. முழங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். சில நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. முரட்டுக் கிடாயை யாராவது கொம்பைப் பிடித்து இழுத்துத் தூக்குவார்களா? நெஞ்சை அதன் மேல் போட்டு, இரண்டு கையையும் அடியில் விட்டு அணைத்து, தொடை மேல் உருட்டி ஏற்ற வேண்டும். அன்றைக்குக் கல் முதல் முறையாக மண்ணை விட்டது. மேடைக்கல் வரைக்கும் ஒரு நாளும் போகவில்லை.

விழா நாளன்று மைதானத்தில் ஓட்டமும் ஆட்டமும் முடிந்ததும், தோல்பைக் குழலான பைப் ஊதுகிறவன் முன்னால் போக, கூட்டம் முழுக்கச் சவப்பாதையில் ஏறியது. பிணம் இல்லாமல் அத்தனை பேர் அந்தப் பாதையில் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். மர்சலி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில், பக்கத்துப் பண்ணைக்காரனின் நாலு சக்கர பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மலைக்காற்றுக்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஹெக்டர் வந்தார். யாரையும் பார்க்கவில்லை.

ரூரி புகைக்குழாய்த் துண்டுகளையும் புட்டிச் சில்லுகளையும் ஒரு தட்டில் காட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னான். ஊர்க்காரர்களுக்குப் புட்டிச் சில்லு உடனே புரிந்தது. ஆனாலும் கண்ணெல்லாம் கல் மேல். சர்ச் பாறையோடு பார்த்தால் குட்டிதானே.

லாக்லன் வந்தான். சம்மட்டி எறிவதில் பரிசு வாங்கியவன், கழுத்தும் தலையும் ஒரே அகலம். மாமா சொன்னபடி ஒற்றைக் கையைப் போட்டான். கை வழுக்கியது. இரண்டு கையையும் போட்டான். முகம் செங்கல் நிறமாகி, கல் முழங்கால்வரை வந்து, நழுவி, தொப்பென்று சேற்றில் விழுந்தது. அவன் விலகி நின்று மூச்சு வாங்கினான். யாரும் சிரிக்கவில்லை. கல்லின் எடை அந்தச் சத்தத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"மாமா," என்றான் லாக்லன், "இது கூழாங்கல் இல்ல."

மர்சலி கோட்டைக் கழற்றி ரூரியிடம் கொடுத்தாள். கல் மேல் கவிழ்ந்தாள். அணைத்தாள். உருட்டித் தொடையில் ஏற்றினாள். அங்கே கொஞ்ச நேரம் குந்தியபடி, கிடாயின் மூச்சு அடங்கக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தாள். பிறகு எழுந்தாள். கல் வயிற்றுக்கு வந்து, நெஞ்சுக்கு வந்து நின்றது. மேடைக்கல்லுக்கு இரண்டு எட்டு. முதல் எட்டில் சேறு வழுக்கியது, கூட்டம் உஸ்ஸென்றது. இரண்டாவது எட்டில் கல்லோடு கல் உராயும் சத்தம் கேட்டது. நூறு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் கேட்காத சத்தம்.

தொப்பிகள் பறந்தன. பைப்காரன் பாதி மூச்சில் எதையோ ஊதினான். மர்சலி ஒன்றையும் கவனிக்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

ஹெக்டர் பைக்கிலிருந்து இறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கல்லின் இரு விலாவிலும் கை வைத்தார். மினுங்கிய இடத்திலேயே கை தானாகப் போய் அமர்ந்தது.

"இதையா எங்க தாத்தா தூக்கினாரு," என்றார். தடவிப் பார்த்தார். பிறகு ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "இத நானும் தூக்கியிருப்பேன்டா."

லாக்லன்தான் முதலில் ஆமாம் என்றான்.

கல்லைத் திரும்பத் தரையில் இறக்கியதும் வரிசை கட்டிவிட்டது. தபால்காரன், பள்ளிக்கூட டீச்சர், இரண்டு மீன்பண்ணைப் பெண்கள். மேடைவரை ஏற்ற வேண்டாம், கல்லுக்கு அடியில் காற்றுப் போனாலே கணக்கு என்று ஹெக்டரே சட்டம் போட்டார். காற்றுப் போகிறதா என்று பார்க்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். கன்னத்தைப் புல்லில் வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு அதிகம் குனிய வேண்டியிருக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வரிசையின் கடைசியில் டொர்கில் வந்து நின்றார். கோட்டை மடித்துப் பாறை மேல் வைத்தார்.

"வழி விடுங்கப்பா," என்றார் ஹெக்டர், புல்லில் கன்னத்தை வைத்தபடியே. "முதுகு பத்திரம் டொர்கில். வளைஞ்சு போச்சுன்னா பேர் வைக்க நான் இருக்கேன்."

டொர்கில் சிரித்துக்கொண்டே குனிந்தார், அணைத்தார், முக்கினார். நரம்பெல்லாம் புடைத்தது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு ஹெக்டரைப் பார்த்தது. அவர் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நிதானமாகப் பார்த்தார். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"போச்சு," என்றார் கடைசியில். "மயிரிழைதான். ஆனா அடியில காத்து போச்சு."