குழாய் இருந்த பக்கம்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ரோட்டைக் கடக்க நின்றபோது, ஒரு லாரி பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், யார் தயவுமின்றி ஆறு லாரிகளுக்கு முதலாளியானவன். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் ரோட்டில் இறங்காமல் ஓரமாகவே நின்றுவிடுகிறேன்.

1950களில் உட்லண்ட்ஸ் ரோட்டோரம் ஒரு கம்பத்தில், அதாவது சின்னக் கிராமத்தில், இருந்தோம். தகரக் கூரை போட்ட சில வீடுகள்தான். எல்லைக்கு அப்பால் ஜொகூருக்குப் போய்வரும் லாரிகள் கிளப்பும் புழுதி சோற்றிலும் நறநறக்கும். தண்ணீர்க் குழாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அம்மா தினமும் வாளியோடு கடப்பாள்.

"குழாய் இந்தப் பக்கம் வந்துரும்லா," என்று அப்பா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அம்மா தண்ணீரோடு திரும்பும்போது ஒரு லாரி கிறீச்சென்று பிரேக் பிடித்தும் நிற்காமல் உரசிப் போனது. வாளி நசுங்கியது. தப்பித்துப் பின்வாங்கியவள் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிச்சு வா புள்ள. எல்லாரும் பாக்குறாங்க," என்று வாசலிலிருந்து கத்தினார் அப்பா.

"பாக்கட்டும். எனக்கு அலுத்துப் போச்சு. நான் இனி அங்க வரல. வேணும்னா நீங்க இங்க வாங்க."

பொழுது சாய்ந்தும் அவள் எழவில்லை. அந்தப் பக்கம் எங்களுக்கு வீடும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. அப்பா மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.