நெருப்பில்லாத புகையிலை

கலியண்ணன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. கட்கியில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் இன்னும் ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள். தங்கமான மனுஷன், குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, அவருக்குப் போய் இப்படி வந்துவிட்டதே என்று உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரி லேபில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். அந்த 'பீடி கிடையாது' என்ற பெருமைதான் அவரைக் கொண்டுபோனது என்று சொன்னால், என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அவருக்குக் குடியாத்தம் பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் ரயிலேறி, அப்போது பம்பாய் மாகாணத்தில் இருந்த இந்தக் கட்கிக்கு வந்து, வெடிமருந்து ஃபேக்டரியில் சேர்ந்தார். என் அப்பா ஜார்ஜ் அதே ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். குவார்ட்டர்ஸில் அவர்கள் வீடு எங்களுக்கு அடுத்த வரிசை. எங்கள் கிறிஸ்துமஸ் கேக் அங்கே போகும், அவர்கள் ஆடிமாதக் கூழ் இங்கே வரும். அவர் மனைவி பவுனக்கா என்னை இன்றுவரை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு முப்பத்தெட்டு வயசாகிறது.

ஃபேக்டரி கேட்டில் தினமும் சோதனை. பீடி, தீப்பெட்டி, ஆணி அடித்த செருப்பு எதுவும் உள்ளே போகாது. மருந்து நிரப்புகிற இடத்தில் ஒரு பொறி போதும். எழுபத்தொன்றில் யுத்தம் வந்து இரட்டை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்த ஒருவர் சட்டைப் பையில் மறந்துபோய் ஒரு தீக்குச்சியோடு வந்துவிட்டார். அன்றைக்கே அவர் வேலை போயிற்று. அதைப் பார்த்த கலியண்ணன் மறுநாள் பீடியை விட்டார். விட்டுவிட்டுப் புகையிலையைப் பிடித்தார்.

கட்கியில் பாதிப் பேர் அப்படித்தான். ஒரு சின்னத் தகர டப்பி, ஒரு பக்கம் புகையிலை, ஒரு பக்கம் சுண்ணாம்பு. உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் கசக்கி, இரண்டு தட்டு தட்டித் தூசியை ஊதிவிட்டு, இடது கன்னத்துக் கொடுப்பில் அடக்கிக்கொள்வது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு நாலு உருண்டை. கை நடுங்காது, தூக்கம் வராது, கேட்டில் யாரும் தடுக்கவும் மாட்டார்கள். நெருப்பும் கிடையாது, புகையும் கிடையாது, அப்புறம் இதில் என்ன கெடுதல் என்று கலியண்ணன் கேட்பார். நெருப்புக்குப் பயந்தே பிழைக்கிறவர்களுக்கு நெருப்பு இல்லாத எதுவும் சாதுவாகத்தான் தெரியும். பவுனக்கா காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டும்போதே சுண்ணாம்பையும் நிரப்பி வைத்துவிடுவார்.

மகன் சங்கரன் எழுபத்தொன்பதில் அதே ஃபேக்டரியில் சேர்ந்தான். சேர்ந்த மாசமே பஜாரில் பீடியும் கையுமாக அப்பாவிடம் அகப்பட்டான். கலியண்ணன் அவனை அறைந்தார். அறைந்த கையிலேயே புகையிலையைக் கசக்கி அவனிடம் நீட்டினார். இதை அவரே என் அப்பாவிடம் வந்து சொன்னார். பிள்ளையை நெருப்பிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதே லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் நான், வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

எண்பத்தாறில் அவருடைய இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. வலி இல்லாததால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதிரித் திட்டுகளில் பல அப்படியே இருந்துவிடும், சில புற்றாகிவிடும். அவருடையது புண்ணானது. ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார், இன்னொருவர் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். அதிலேயே எட்டு மாசம் ஓடிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவரால் வாயை இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார். வாய்ப்புற்றுக் கட்டியிலிருந்து துளி சதையும் அதே ஆளின் ரத்தமும் எடுத்து, ஐஸில் வைத்துப் பம்பாய்க்கு அனுப்பவேண்டும். அங்கே இரண்டிலும் உள்ள ஜீன்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சம்மதம் கேட்கும் வேலை என்னுடையது. முக்கால்வாசிப் பேர் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கலியண்ணன் மட்டும் விடவில்லை. இதனால் தனக்கு நல்லது உண்டா என்று கேட்டார். உங்களுக்கு இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அப்போது அவருக்குப் பேச்சு இருந்தது.

"எனக்கு வாணாம்மா. எங்கப்பனும் வாயில புண்ணு வந்துதான் செத்தாரு. இது வம்சத்துல வர்றதான்னு பாத்து சொல்லு. சங்கரனுக்கு வருமா வராதா, அது தெரிஞ்சா போதும்."

அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் 'ரத்தத்தில் ஓடுகிறது' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பவுனக்கா அதிலிருந்து மகன் தட்டைப் பார்த்தபடியே சோறு போட்டுக்கொண்டிருந்தார், எங்கே அவன் மெல்லும்போது முகம் சுளிக்கிறானோ என்று. எண்பத்தேழு மார்ச்சில் ஆபரேஷன் நடந்தது. கீழ்த்தாடையில் பாதியை எடுத்தார்கள். அதோடு பேச்சும் போயிற்று. அந்தச் சதையிலிருந்து துளியை நான்தான் குப்பியில் போட்டு, பேர் எழுதி ஒட்டினேன்.

பம்பாயிலிருந்து பரிசோதனை முடிவு அக்டோபரில் வந்தது. எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி ஒன்று, அதில் கறுப்புப் பட்டைகள். டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். செல் எப்போது பெருகவேண்டும் என்று சொல்லும் ஜீன் நம் எல்லோருக்கும் இருக்கிறது. நம் ஃபேக்டரிச் சங்கு, இங்கே போங்கா என்பார்கள், அது மாதிரி நேரத்துக்கு ஊதிவிட்டு நின்றுவிட வேண்டும். கலியண்ணனின் கட்டியில் அந்த ஒரு போங்கா பல போங்காவாகி, நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் அப்படி இல்லை, எல்லோருக்கும் இருப்பதுபோலவே இருந்தது. அதாவது அவர் அதோடு பிறக்கவில்லை. வாய்க்குள்தான், பிற்பாடுதான் அது கெட்டிருக்கிறது. 'நாங்கள் பார்த்த ஜீன் வரைக்கும்' என்று டாக்டரம்மா சேர்த்துச் சொன்னார். நான் அந்தப் பின்பாதியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரு நல்ல சேதியாவது கொண்டுபோகிறோமே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கலியண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், எச்சில் வடியாமல் இருக்கக் கழுத்தடியில் துண்டு. கட்டி மறுபடி கழுத்தில் கிளம்பியிருந்தது. பவுனக்கா கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தார். சங்கரன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

விஷயத்தைச் சொன்னேன். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற வியாதி இல்லை, புகையிலையும் சுண்ணாம்பும் பதினாறு வருஷமாக ஒரே இடத்தில் ஊறி அந்த இடத்தைக் கெடுத்திருக்கிறது என்றேன். பவுனக்கா கரண்டியை வைத்துவிட்டு மாரியம்மன் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கலியண்ணன் கும்பிடவில்லை. மடியில் இருந்த நோட்டை எடுத்து, எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதினார். அந்த வீட்டில் பவுனக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சங்கரன் இந்தி மீடியம், அவனுக்குத் தமிழ் எழுத்து பாதிதான் வரும். அதனால் நோட்டை என்னிடம்தான் நீட்டினார்.

"இன்னா பாப்பா எழுதிக்கிறாரு? படி" என்றார் பவுனக்கா.

வேறு எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் படித்தேன்.

"ரத்தத்துல குடுக்கல. கையால குடுத்தேன்."

பவுனக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருஷம் காலையில் சுண்ணாம்பு நிரப்பிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கலியண்ணன் விரலை நீட்டி முதலில் மகனைக் காட்டினார், பிறகு என் கைப்பையைக் காட்டினார். அதில் எப்போதும் ஒரு பேனா டார்ச் இருக்கும், அது அவருக்குத் தெரியும். வாயிலிருந்து சுரண்டி எடுத்துச் சோதனைக்குக் கண்ணாடித் துண்டில் தடவுவதுதான் என் அன்றாட வேலை.

"அரே ஆண்ட்டி, எனக்கு குச் நஹி. வலியே இல்ல" என்றான் சங்கரன்.

அவன் அப்பாவுக்கும் வலி இல்லாமல்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் வரச் சொன்னேன். அவன் வெளியே போய்க் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தான், வந்து வாயைத் திறந்தான். இருபத்தெட்டு வயசுப் பையனின் பற்களில் அதற்குள் காவி ஏறியிருந்தது. இடது கன்னத்தைக் குச்சியால் ஒதுக்கி டார்ச்சை அடித்தேன். கொடுப்பில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக இருந்தது. பஞ்சால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

தினமும் எத்தனையோ வாய்களைப் பார்த்து, முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பழகியவள் நான். அன்றைக்கு அது முடியவில்லை. கலியண்ணன் மகனின் வாயைப் பார்க்கவில்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.