நாற்பத்தொரு மணி நேரம் ஓடிய எஞ்சின்

மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டுப் பெட்டி வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். பிரித்ததும் அத்தர் வாசனை வாசல் வரைக்கும் வரும். பால்பவுடர், பேரீச்சம்பழம், பூப்போட்ட போர்வை என்று எல்லா வீட்டுப் பெட்டியிலும் இருப்பது இருக்கும். என் வீட்டுப் பெட்டியைப் பிரித்தால் இரும்பு இருக்கும். என் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், மஸ்கட்டில் மெக்கானிக். ஒவ்வொரு விடுப்புக்கும் ஒரு எஞ்சினைத் துண்டு துண்டாகக் கொண்டு வந்து சேர்த்தார். ஒருதடவை திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இருபது கிலோ வார்ப்பிரும்புத் தட்டைப் பார்த்துவிட்டு அதிகாரி இது என்ன என்று கேட்டிருக்கிறார். "எஞ்சின்ல ஒரு பக்கம் சார்" என்றாராம் இவர். மிச்சம் எங்கே என்று கேட்டதற்கு, "போன வருஷமும் முந்தின வருஷமும் வந்துட்டு" என்று பதில் சொன்னாராம். அந்த மனுஷர் சிரித்துவிட்டு விட்டிருக்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த இருபது கிலோவில் எனக்கென்று ஒரு சோப்புக் கட்டிகூடக் கிடையாது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன். அதனால் அந்த இரும்பு என்னவென்று எனக்கு விளங்கும். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். ரோட்டரி எஞ்சினில் குதியாட்டமே கிடையாது. ரோட்டர் என்கிற கொழுத்த முக்கோணம் ஒன்று கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் எஞ்சினில் அப்படி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆள் தூக்கிவிடுகிற சைஸ்தான், டர்போ மாட்டிவிட்டால் முந்நூறு குதிரைச் சக்தி தரும். ஆயுசு மட்டும் தராது. முக்கோணத்தின் ஒவ்வொரு மூலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு உலோகப் பட்டை இருக்கிறது, சீல் என்பார்கள். அதில் ஒன்று முறிந்தால் எஞ்சின் அம்போ.

அது முறியாமல் ஓடுகிற ஒரு எஞ்சினைக் குறைந்த செலவில் கட்டிக் காட்ட வேண்டும் என்பதுதான் இவருடைய வெறி. கோயம்புத்தூரில் கார் பந்தயம் ஓட்டுகிற ஒருவர், "ஐம்பது மணி நேரம் பிரிக்காமல் ஓட்டிக் காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன், இன்னும் இரண்டு கட்டித் தாருங்கள்" என்று சொல்லியிருந்தார். இவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்: "அம்பது மணி நேரம் ஓடட்டும் புள்ள. அன்னைக்கே வேலைய எழுதிக் கொடுத்துட்டு வந்துருதேன். பைபாஸ்ல ஒரு ஷெட்டப் போட்டு இங்கனயே இருந்துருவோம்." எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறினால் அதிகம். மகளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அந்த ஐம்பது மணி நேரத்தை அவரைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன்.

மூன்று செத்த எஞ்சின்களிலிருந்து உயிருள்ள ஒன்றைப் பொறுக்கினார். சீல்கள், ஸ்பிரிங்குகள், ரப்பர் வளையங்கள் மட்டும் புதுசு. மற்றதெல்லாம் உடைசல் கடையில் எடுத்தது. புதுசு வாங்க வக்கில்லாததால் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை அளந்தார். இரண்டு ரோட்டரும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று அவற்றைத் துண்டில் சுற்றி மளிகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "இது என்ன பலகாரம் வே?" என்றார் கடை அண்ணாச்சி. நாற்பது நாள் விடுப்பில் முப்பது நாள் இவர் எங்கள் வாழைத்தோட்டத்து ஷெட்டில்தான் கிடப்பார். முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டேன். மூன்றாவது வருஷம், போய்த் தொலையட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் நாங்கள் பேசவே ஆரம்பித்தோம். சீல் இடைவெளியை அளந்துகொண்டே மஸ்கட்டில் பெருநாளன்று தனியாகச் சோறு பொங்கித் தின்றதைச் சொன்னார். போனில் ஒருநாளும் சொல்லாத சங்கதி.

போன விடுப்பில் எஞ்சின் பிறந்துவிட்டது. வெறுமனே ஓட்டினால் போதாது, ஏதாவது ஒரு பாரம் வேண்டும் என்று வாழைத்தோட்டத்துக் கிணற்றுப் பம்போடு பெல்ட் போட்டு இணைத்தார். முந்நூறு குதிரைக்கு அதெல்லாம் கொசுறுதான், ஆனாலும் சும்மா கிடப்பதற்கு அது மேல் என்றார். ஓட்டுகிற முறையையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலக்க வேண்டும், சூடு முள் கோட்டைத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு ஒருதடவை பின் ரோட்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வேண்டும். ஓட்டை வழியாகக் காற்று புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் ஒரே சீராக வந்தால் மூன்று மூலையும் நலம். "இந்தச் சத்தத்தப் போன்ல பிடிச்சு வச்சுக்க. இது மாறிச்சுன்னா நிறுத்திரு" என்றார். அவர் கிளம்புகிற அன்று காலையில்தான் அதைப் பதிவு செய்தேன்.

பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் நான் ஓட்டினேன். பக்கத்துத் தோட்டக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வரப்பில் நிற்பார். "ஏ டீச்சரம்மா, இந்தச் சத்தத்துக்கு என் வாழ கொல தள்ளாது பாத்துக்கிடுங்க!" என்று கத்துவார். நோட்டில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோடு போட்டேன். முப்பதைத் தாண்டியதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அவருடைய சட்டைகளை எல்லாம் எடுத்துத் துவைத்துப் போட்டேன். மடித்து வைத்தபடியே பீரோவில் கிடந்த சட்டைகள், அதில் என்ன அழுக்கு இருந்துவிடப் போகிறது?

நாற்பத்தொன்றாவது கோடு போட்ட மறுநாள் எஞ்சின் லேசில் பிடிக்கவில்லை. பிடித்ததும் உதறியது. நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தேன். புஸ், புஸ், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் புஸ், புஸ், ஒன்றுமில்லை. அந்த எஞ்சின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாசமாய்ப் போக, இன்னும் ஒன்பது மணி நேரந்தானே, அதற்குள் என்ன கேடு வந்தது உனக்கு என்று இரும்பைப் பார்த்துத் திட்டினேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு. வெள்ளிதோறும் ஐந்தரை மணிக்குக் கூப்பிட்டு அந்தப் புஸ் சத்தத்தைக் கேட்பது வழக்கம். போன் அடித்தபோது எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. பழைய போனில் அந்தப் பதிவு இருந்ததே. இவர் இதைக் கேட்டு நல்லாயிருக்கு என்று நம்பட்டும், ஒன்பது கோட்டை நானே போட்டுக்கொள்கிறேன், வேலையை விட்டுவிட்டு வரட்டும். உண்மை தெரிந்தால் திட்டட்டும், இங்கே வந்து நின்று திட்டட்டும் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிற டீச்சரின் லட்சணம் இது.

பழைய போனை ஓட்டவிட்டு இந்தப் போன் பக்கத்தில் பிடித்தேன். புஸ், புஸ், புஸ். பதிவின் கடைசியில் பேச்சுச் சத்தம் வரும், அதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். விரலெல்லாம் ஆயில். திரையைத் தொட்டேன், வழுக்கியது. மறுபடி தொட்டேன், நிற்கவில்லை. "மச்சான், ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்துட்டு" என்று என் குரல் கேட்டது. "இந்தா வாறேன்" என்று அவர் குரல். அதோடு முடிந்தது.

பழைய போனைச் சட்டென்று கவிழ்த்து வைத்தேன்.

"இன்னொரு தடவ போடு" என்றார்.

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு போட்டேன். கடைசிவரை ஓடவிட்டேன். கேட்டு முடித்துவிட்டு, "இன்னொரு தடவ" என்றார். மூன்றாவது தடவை முடிந்ததும் கேட்டார்:

"ஒரு மூலை போச்சு, என்ன?"

"ஆமா."

அவ்வளவுதான், எனக்கு உடைந்துவிட்டது. "அம்பது மணி நேரம் ஓடுனாத்தான் வருவீங்களா? அது ஓடலேன்னா நான் இங்கன ஒத்தையிலேயே கிடந்து சாவணுமா? இந்த இரும்புக்கா நான் கழுத்த நீட்டுனேன்?" என்று கத்தினேன். வரப்பில் நின்ற தோட்டக்காரர் பைய நகர்ந்து போய்விட்டார். இவரோ, "அதப் பிரிக்காத, அப்படியே கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். தினமும் கூப்பிடுகிறவர் நான்கு நாள் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது போனுக்கு டிக்கெட் வந்தது. அவர் டிக்கெட் அனுப்பினால் வரும் தேதியை நான் பார்க்க மாட்டேன். நேராகக் கீழே இரண்டாவது பக்கத்துக்குப் போய்த் திரும்பிப் போகிற தேதியைத்தான் பார்ப்பேன், அதிலிருந்துதான் நாளை எண்ண ஆரம்பிப்பேன். கீழே தள்ளினேன். ஒரு பக்கம்தான் வந்திருந்தது. நெட்வொர்க் சரியில்லையோ என்று வராந்தாவுக்கு வந்து அவரைக் கூப்பிட்டேன்.

"மச்சான், டிக்கெட்ல ரெண்டாவது பக்கம் வரலையே."

"ரெண்டாவது பக்கம் கிடையாது புள்ள."