தொண்ணூறு போதும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்கழி மாதக் காலை ஒன்றில், ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் மார்க் பைத்தியத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூற்றுக்குக் கீழே வாங்கியவர்கள் விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும் என்பது என் வகுப்பின் சட்டம். அதிலும் எண்பத்தொன்பது வாங்கிய பிள்ளை என்னிடம் மாட்டினால் அவ்வளவுதான், அந்த ஒரு மார்க்கை எங்கே தொலைத்தாய் என்று குடைந்து எடுத்துவிடுவேன்.

என் மாமனார் முப்பது வருடங்களுக்கு மேல் வெல்லம் காய்ச்சும் ஆலை நடத்தியவர். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் கரும்புச் சக்கை எரியும் அடுப்புக்கு முன்னால் நின்று அவர் குடித்த புகைக்கு அளவே கிடையாது. எழுபது வயதைத் தாண்டியதும் அது வேலையைக் காட்டியது. வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். யாராவது பார்த்துவிட்டால், தென்னை மரத்தில் காய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது போல அண்ணாந்துகொள்வார்.

மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர மாட்டேன் என்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. அதில் ஒரு கண்ணாடிக் குழாய், கீழே ஒரு திருகு. திருகைத் திருப்பினால் அதற்குள் ஒரு சின்னக் குண்டு மேலே ஏறும். குண்டு இரண்டாவது கோட்டில்தான் நிற்க வேண்டும், விரலில் மாட்டும் கருவியில் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை காட்டினால் இவருக்குப் போதும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஏன் என்றும் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேனே தவிர, மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. என் மாணவர்கள் பலர் செய்யும் அதே தப்பு.

முதல் நாள் கருவி எண்பத்தொன்பது காட்டியது. மறுநாளும் எண்பத்தொன்பது. எனக்குக் கை நமநமவென்றது. நூற்றுக்கு எண்பத்தொன்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி நிம்மதியாக இருக்க முடியும்? யாரிடமும் கேட்காமல் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். தொண்ணூற்று மூன்று ஆயிற்று. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். குண்டு நான்கில் நின்றது, கருவி தொண்ணூற்றேழு காட்டியது. அதை, தினமும் அளவு குறிக்கும் நோட்டில் சிவப்பு மையால் எழுதி வட்டம் போட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

இரண்டே நாளில் மாமா நிறையத் தூங்க ஆரம்பித்தார். இத்தனை நாள் மூச்சுக்குப் போராடியவர் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். நடுவில் ஒருமுறை, "தல பாரமா இருக்குது அம்மிணி" என்றார். தைலம் தேய்த்துவிட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மூன்றாம் நாள் காலை. கணவர் வேலையாக ஆத்தூர் போயிருந்தார். எங்களுக்கு வழக்கமாகப் பால் ஊற்றுபவர் சபரிமலைக்குப் போயிருந்ததால், அவருக்குப் பதிலாகப் புதிதாக ஒரு பெண் வந்தார். நான் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். பாத்திரம் வாங்க வாசல்வரை வந்தவரின் கண், திறந்திருந்த கதவு வழியாக மாமாவின் கட்டிலுக்குப் போயிற்று. பால் கேனைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலேயே உள்ளே வந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம்.

"ஏனுங் டீச்சர், குண்டு எதுக்கு நாலுல நிக்குது?"

டாக்டர் சொன்னபடிதான் என்று பொய் சொன்னேன். கருவியைக் காட்டி, தொண்ணூற்றேழு இருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டார். மாமா கண்ணைத் திறந்து என்னவோ உளறிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். அந்தப் பெண் மாமாவின் கையைத் தூக்கிப் பிடித்ததும் விரல்கள் வெடுக் வெடுக்கென்று ஆடின.

"இது தூக்கமில்லீங்க. எங்கூட்டுக்காரரு போர் போடுற ரிக்கு வண்டியில கல்லுத்தூசியக் குடிச்சவரு, எங்கூட்லயும் இந்த மெசினு இருக்குது. மூச்சு வாங்குதேன்னு ஒருக்கா நானும் இப்படித்தான் ஏத்தி வெச்சுப்போட்டேன், அவரும் இப்படியேதான் கெடந்தாரு. மெசின நிறுத்தாதீங்க, மொதல்ல டாக்டருக்குப் போனப் போடுங்க."

போனில் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். குண்டை மறுபடியும் இரண்டுக்கு இறக்கச் சொன்னார், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்றார், உடனே ஆம்புலன்ஸில் கூட்டிவரச் சொன்னார். அந்தப் பெண் மற்ற வீடுகளின் பாலை மறந்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை மாமாவின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆலையில் எத்தனை கொப்பரை, எத்தனை ஆள் என்று ஏதேதோ கேட்டார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க்கை மாட்டி, மூச்சை உள்ளே தள்ளும் இன்னொரு மெஷினில் வைத்தார்கள். டாக்டர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகத்தான் பேசினார்.

"நுரையீரலுக்கு ரெண்டு வேலைங்க டீச்சர். ஆக்சிஜனை ரத்தத்துக்குக் கொடுக்கணும், கெட்ட காற்றை ரத்தத்திலிருந்து எடுத்து வெளியே தள்ளணும். விரல்ல மாட்டுற கருவி முதல் வேலையை மட்டும்தான் காட்டும்."

இவரைப் போன்ற சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால், அந்த இரண்டாவது வேலை கெட்டுப்போய்க் கரியமில வாயு ரத்தத்திலேயே சேர்ந்துவிடுமாம். தலைபாரம், தூக்கம், கை உதறல் எல்லாம் அதனால்தான். இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் எழுப்பியிருக்கவே முடியாது என்றார். விடைத்தாளின் முதல் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு முழு மார்க் போட்டவள் நான் என்று புரிந்தது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். கணவர் வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் போய் டீ வாங்கிவந்து கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் மாமா கண் விழித்தார். என் மூஞ்சியைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். மாஸ்க்கைக் கழற்றியதும் விரலில் இருந்த கருவியைத் தூக்கிக் காட்டினார். தொண்ணூறு காட்டியது.

"எனக்குத் தொண்ணூறு போதும் அம்மிணி. பாஸ் பண்ணி உட்ரு" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப் போய் நன்றி சொன்னோம். அவர் கணவர் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய மெஷினில் குண்டு அதன் கோட்டில் நின்றது. அவர்கள் வீட்டு எருமைத் தயிரைப் பற்றி மாமா ஒரு மணி நேரம் பேசினார், இரண்டே இடத்தில்தான் மூச்சு வாங்கினார்.

அடுத்த பரீட்சையின் விடைத்தாள்களைக் கொடுத்தபோது, எண்பத்தொன்பது வாங்கிய பெண் நான் சொல்லும் முன்பே எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன். டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்று வகுப்பு முழுக்கக் கிசுகிசுத்தது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன், சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மாமா இன்றும் எங்களோடு இருக்கிறார். காலையில் கருவியை மாட்டியதும், "பாஸுங்களா டீச்சர்?" என்று கேலியாகக் கேட்பார். நானும் நோட்டை எடுத்து எண்பத்தொன்பதோ தொண்ணூறோ எழுதிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பால்காரப் பெண் செய்தது போல, ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்.