ஏட்டு முனிரத்தினம் கேட்ட நாற்காலி

திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து ஏட்டு மனைவி கஸ்தூரி அக்கா போன் செய்தபோது நான் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தேன். "உங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். ஏட்டு முனிரத்தினத்தை அறிந்த உங்களுக்கெல்லாம் இதை எழுதுகிறேன்.

நகரியில் தறி ஓட்டும் குடும்பத்துப் பிள்ளை அவர். புகார் கொடுக்க வருகிறவர்கள் ஸ்டேஷன் வாசலிலேயே கைகட்டி நின்றுவிடுவார்கள். ஏட்டுக்கு அது பிடிக்காது. "மொதல்ல உக்காரு நைனா. நின்னுக்கினு சொன்னா பாதி மறந்துடுவே" என்பார். இது ஸ்டேஷனா கல்யாண வீடா என்று ஒரு இன்ஸ்பெக்டர் கேட்டபோதும் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

கார்வேட்டிநகரம் போகும் வழியில் தரைப்பாலத்துக்கு மேல் வெள்ளம் ஓடிய அந்த மழை நாளை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வந்த பெண்களோடு ஒரு வேன் நடுவெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. தீயணைப்பு வண்டி வரட்டும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். ஏட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எல்லாரையும் கரை சேர்த்தார். கடைசிப் பெண்ணைத் தூக்கிவிடும்போது வேன் சாய்ந்து அவருடைய இடது கால் நசுங்கியது.

அவருடைய வீரத்தைப் பாராட்டி ஆந்திர சட்டசபையில் தீர்மானம் வந்தது. ஸ்டேஷன் டிவியில் கூடிப் பார்த்தோம். பெயரைச் சொன்னதும் மேசையைத் தட்டினார்கள். உறுப்பினர் ஒருவர் அன்பு மிகுதியில், அந்த வீரர் பூரண குணமடைந்து மீண்டும் பணியில் கம்பீரமாக நிற்கிறார் என்று தெலுங்கில் முழங்கினார். தீர்மானத்திலும் அந்த வரி ஏறிவிட்டது. ஏட்டோ என் பக்கத்தில், கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாரைப்பா சொல்றாரு?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவர் பதவி உயர்வு கேட்கவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டார், அவ்வளவுதான். நான் ஸ்டேஷன் ரைட்டர் என்பதால் அவருடைய மனுக்களைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்தவன் நானே. பரிசோதித்த டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, சபையே குணமாகிவிட்டது என்று சொன்ன பிறகு இல்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். எங்கள் மேலதிகாரியும் அதையே சொன்னார். இரண்டு பேருமே நல்லவர்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சபையில் பேசியவரிடமே போனோம். நம் ஊர்ச் சிங்கம் ஆபீசில் உட்காரலாமா என்று ஏட்டைக் கட்டிப்பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தார்.

புத்தூரில் அவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். மந்திரி வருகிறார் என்று பந்தோபஸ்து. டூட்டி போட்டவர் வழக்கம்போல எல்லாருக்கும் போட, விழா நாயகருக்கே வாசல் கேட் டூட்டி விழுந்தது. அவரும் போய் நின்றார். மேடையிலிருந்து பெயரைக் கூப்பிட்டபோது கேட்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தவித்தார். சால்வையோடு திரும்பி வந்து மறுபடி அங்கேயே நின்றார். "நிக்கச் சொல்ல ஊரே இருக்குது. உக்காரச் சொல்ல ஒருத்தனும் இல்லப்பா" என்றார். அன்று நான் சிரிக்கவில்லை.

போன மாதம் வடமாலபேட்டைப் பக்கம் ஒரு தேர்த் திருவிழாவில் பகல் முழுக்க வெயிலில் நின்றார். வீங்கிய காலிலிருந்து ஷூ வரவில்லை. கஸ்தூரி அக்கா தறிக்கு வைத்திருந்த கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தாராம். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள் டாக்டர்கள்.

ஸ்டேஷனில் இரங்கல் கூட்டம் நடந்தது. அவருடைய வீரத்துக்காக எழுந்து நின்று மௌனம் காக்கச் சொன்னார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் மட்டுமாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எதிரில் அதிகாரி இருந்தார். நின்றேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய முதல் வார்த்தையைத்தான். நேற்று போனைத் தொலைத்துவிட்ட ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள். உட்காரும்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதி முடித்து அவளை அனுப்பிய பிறகும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் போட என்னால் முடிகிறது. கேட்டுக் கேட்டு ஓய்ந்தவருக்குத்தான் முடியவில்லை.