ஓடைத் தண்ணி ஜீப்பும் என் அவசரத் தீர்ப்பும்

போன வருஷம் மார்ச் மாசம், பிளஸ் டூ பரீட்சைக்கு எட்டே நாள் இருக்கறப்ப, புதூர்நாட்டுல நடந்தது இது. நான் இருக்கறது ராணிப்பேட்டைப் பக்கம். எஞ்சின் ஆயில், டீசல் இதையெல்லாம் பரிசோதிச்சுச் சொல்ற லேப்ல வேலை. எங்கக்கா அந்தப் புதூர்நாட்டுல, மலை மேல டீச்சர்.

அக்காவோட ஸ்கூல்ல பதினோரு பசங்க பரீட்சை எழுதணும். சென்டர் மலைக்குக் கீழ. காலையில அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, இருக்கறது ஒரே ஒரு ஜீப். அந்த ஜீப்தான் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. டவுன் மெக்கானிக் காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, உள்ள பேரிங் போயிருக்கும், எஞ்சினைப் பிரிச்சாகணும், மூணு வாரம் ஆகும்னுட்டாரு. டிரைவர் அண்ணன் இடிஞ்சு போய்ட்டாரு. அந்தப் பதினோரு பேர்ல அவரோட பொண்ணும் ஒருத்தி.

அக்கா எனக்கு போன் பண்ணா. "பெரிய மெஷின் வச்சிருக்கேன்னு எப்பவும் பீத்திக்குவியே, பிரிக்காமலே உள்ள இன்னா ஆச்சுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

முடியும்னேன். என் மெஷினைப் பத்திப் பேச ஆள் கிடைச்சா நான் விடவே மாட்டேன். எஞ்சின் தேயத் தேய அதோட உலோகம் கண்ணுக்குத் தெரியாத தூளா ஆயில்ல கலந்துடும். அந்த ஆயிலை மண்ணெண்ணெய்ல கரைச்சு, பனி மாதிரி மெஷினுக்குள்ள பீச்சுவோம். உள்ள ஆர்கான் வாயுவுல பிளாஸ்மா சுடர் ஒண்ணு எரியும், சூரியனோட மேல்பரப்பைவிட அதிக சூடு. அதுல போய் விழுந்ததும் இரும்பு ஒரு ஒளி விடும், செம்பு வேற ஒளி விடும். மத்தாப்புல ஒண்ணு பச்சையாவும் ஒண்ணு சிவப்பாவும் எரியுதில்ல, அந்த மாதிரி. எந்த ஒளி எவ்வளவுன்னு பார்த்தா எஞ்சினோட எந்த பாகம் தேயுதுன்னு சொல்லிடலாம்.

சுத்தமான பாட்டில்ல கொஞ்சம் ஆயில் எடுத்து அனுப்பச் சொன்னேன். "ஒரு சொட்டுத் தண்ணிகூட இருக்கக்கூடாது"ன்னு டிரைவர் அண்ணன்கிட்ட மூணு தடவை அழுத்திச் சொன்னேன். நாங்க லேப்ல இருந்தே பாட்டில் அனுப்பறதுதான் முறை. அவசரத்துல அதை விட்டுட்டேன்.

பாட்டில் வந்துச்சு. ரிசல்ட்டைப் பார்த்தா பொட்டாசியமும் சிலிக்கானும் எகிறிக் கிடக்கு. எஞ்சின் சூடேறாம இருக்க ரேடியேட்டர்ல ஊத்தற கூலன்ட் ஒழுகி ஆயில்ல கலந்தா இப்படித்தான் வரும், ஆயிரம் தடவை பார்த்திருக்கேன். உடனே டிரைவர் அண்ணனுக்கு போன் போட்டேன். பெரிய டாக்டர் கணக்கா, எஞ்சினுக்குள்ள கூலன்ட் இறங்குது, இனிமே ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, நாளைக்கே கட்டி இழுத்துட்டுப் போய் ஒர்க்‌ஷாப்ல விட்டுடுங்கன்னேன்.

அவரு, "கூலன்ட்டா? நான் ஊத்தறது ஓடைத் தண்ணி மேடம். அந்தப் பச்சைத் தண்ணியை இந்த வண்டி கண்ணாலயும் பார்த்தது கிடையாது"ன்னாரு.

எவனாவது முன்னாடி ஊத்தியிருப்பான்னு சொல்லி போனை வச்சுட்டேன். ஆனா மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தப்பவும் அவர் சொன்னதுதான் மனசுல ஓடுச்சு. ஓடைத் தண்ணியில இவ்வளவு பொட்டாசியம் எங்கேர்ந்து வரும்? பேப்பரைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இரும்பு, செம்பு, ஈயம் எல்லாமே கம்மி. பேரிங் ஈயமும் செம்பும் கலந்து செஞ்சது. கூலன்ட் கலந்து ஓடியிருந்தா அதைத் தின்னிருக்குமே, ஈயம் ஏறியிருக்கணுமே! இவ்வளவு வருஷ சர்வீஸ்ல இதைக்கூட பார்க்காம தீர்ப்பு சொல்லிட்டேனேன்னு எனக்கு மானமே போன மாதிரி இருந்துச்சு. திரும்ப போன் பண்ணி, வண்டியை எங்கேயும் விட்டுடாதீங்க, நாளைக்கு நானே வர்றேன்னு சொன்னேன்.

மறுநாள் லேபுக்கு லீவு. லேப் பாட்டிலும் சின்ன கைப்பம்பும் எடுத்துக்கிட்டு முதல் பஸ்ல கிளம்பிட்டேன். டிரைவர் அண்ணன் வூட்ல அவர் சம்சாரம்தான் காபி கொடுத்தாங்க. கொடுக்கும்போதே, "பாட்டில் சுத்தமா இருந்துச்சுங்களா? நான்தான் கழுவுனேன்"னாங்க. எப்படிக் கழுவுனீங்கன்னு கேட்டேன். தேன் வச்சிருந்த பாட்டிலாம். சாம்பல் போட்டு மூணு தரம் தேய்ச்சிருக்காங்க. அப்புறம், "ஈரம் இருக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே. அதான் காஞ்ச சாம்பலை உள்ள போட்டு நல்லா குலுக்கிக் கொட்டிட்டேன்"னாங்க.

அடக் கடவுளே! விறகுச் சாம்பல்னா பொட்டாசியம், சிலிக்கான். நான் கூலன்ட்டுன்னு படிச்சது அவங்க அடுப்பை. விஷயம் தெரிஞ்சதும் அந்தம்மா முகம் சுண்டிப் போச்சு. "என்னால பசங்க பரீட்சை கெட்டுப்போச்சுங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தப்பு உங்களுது இல்லைங்க, பாட்டில் அனுப்பாத என்னுதுன்னு அவங்க கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அப்பதான் லேசா சிரிச்சாங்க.

எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கினோம். அப்புறம் நிறுத்திட்டு, ஆயில் அளவு பார்க்கற குச்சி போற ஓட்டை வழியா டியூப் விட்டு நானே ஆயில் எடுத்தேன். அடுத்த நாள் லேப்ல வேற எந்த வேலையையும் தொடல. பொட்டாசியம் இல்லவே இல்ல. சிலிக்கான் துளிதான். இரும்பு, செம்பு, ஈயம் எல்லாம் போன தடவை மாதிரியே கம்மி. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன், அதேதான். அந்த எஞ்சின் உள்ள தங்கமா இருந்துச்சு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்ல இருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க.

டிரைவர் அண்ணன் ஜீப்பை மெதுவா டவுனுக்கு இறக்கினதும், மெக்கானிக்கிட்ட நானே போன்ல பேசினேன். மெஷினுக்குக் காது இருக்காம்மான்னு முதல்ல கிண்டல் பண்ணாரு. பேரிங் போயிருந்தா ஈயமும் செம்பும் இத்தனை கம்மியா வராதுங்க, சத்தம் வெளியேர்ந்து வருதான்னு பாருங்கன்னு பொறுமையா சொன்னேன். பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம், ஆனா அன்னிக்கு வந்துச்சு. மனுஷன் வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு, அரை மணி நேரத்துல அவரே கூப்பிட்டாரு. எஞ்சினைத் தாங்கற ரப்பர் கிழிஞ்சு, ஒரு போல்ட்டும் உடைஞ்சிருந்துச்சாம். எஞ்சின் ஆடி ஆடி இரும்புல மோதின சத்தம்தான் அது. நீங்க சொன்னதுதாம்மா சரின்னு வாய் விட்டு ஒத்துக்கிட்டாரு. சாயங்காலமே ஜீப் மலையேறிடுச்சு.

முதல் பரீட்சை அன்னிக்கு லீவு போட்டுட்டு நானும் சென்டர் வாசல்ல போய் நின்னேன். மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கறப்பவே ஜீப் வந்துச்சு. பதினோரு பேரும் திமுதிமுன்னு இறங்கினாங்க. டிரைவர் அண்ணன் பொண்ணுகிட்ட பயமா இருக்கான்னு கேட்டேன். "வண்டி வந்துடுச்சு, இனிமே இன்னா பயம்?"னு சொல்லிட்டு ஓடிப் போச்சு.

எத்தனையோ பெரிய கம்பெனிக்கு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கேன், ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. ஆனா உனக்கு இன்னா வேலைன்னு யாராவது கேட்டா, பதினோரு பசங்களை ஒரு பரீட்சைகூட விடாம எழுத வச்ச வேலைன்னு சொல்லத்தான் வாய் வருது. அந்த ஜீப்பை ஸ்டார்ட்டே பண்ணாதீங்கன்னு சொன்னதும் இதே வாய்தாங்கறதை நான் இன்னும் மறக்கல.